கனத் துணியும் மிதி மிஷினும்

தையல் மிஷின் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, கறுப்பு உடலில் தங்க நிறப் பூவேலையோடு ஜன்னல் ஓரத்தில் நின்ற அந்தக் காலத்துச் சிங்கர்தான். அம்மாவோ அத்தையோ அதில் ரவிக்கை தைத்தார்கள், பாவாடைக்கு ஓரம் அடித்தார்கள், தலையணை உறை தைத்தார்கள். அதனால் அது மெல்லிய துணிக்காகவே பிறந்த பொருள் என்று நினைத்துவிடுகிறோம். வரலாறு வேறு மாதிரி. தையல் மிஷின் முதலில் வேலைக்கு வந்தது பட்டறைக்கும் பட்டாளத்துத் துணிக்கும். வீட்டுக்குள் நுழைந்தது அதன் பிறகுதான்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. கான்வாஸ் பை தைக்கும் தொழிலைத் தொடங்க நினைக்கும் ஒரு குடும்பத்தார், பழைய மிதி மிஷின் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்டார்கள். வேறு சிலர், பரணில் கிடக்கும் அப்பா காலத்து மிஷினைப் பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஓர் இடத்தில்தான் இருக்கிறது: அந்த மிஷின் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது? அதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை தேவை.

பிரான்சு நாட்டில் பார்த்தலெமி திமோனியே என்ற தையற்காரர் 1830 இல் ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசில் அப்படிப்பட்ட 80 இயந்திரங்களை வைத்து ராணுவச் சீருடை தைக்கும் பட்டறை தொடங்கப்பட்டது. 1831 இல், பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் உள்ளே புகுந்து அவற்றை அடித்து நொறுக்கினார்கள். அந்த மிஷின்களின் வேலை மஸ்லின் துணியில் இல்லை, சிப்பாயின் சீருடைத் துணியில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

திமோனியே போட்டது சங்கிலித் தையல். ஒரே நூல், ஒரு முனையை இழுத்தால் முழுவதும் உருவி வந்துவிடும். (அரிசி மூட்டையின் வாய்த் தையலை உருவியவர்களுக்கு இது தெரியும்.) மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளும் பூட்டுத் தையலுக்கு அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846 செப்டம்பரில் காப்புரிமை பெற்றார். ஊசியின் காதை நுனிப்பக்கம் வைத்த வடிவமும் அதில் இருந்தது. ஆனால் அவருடைய மிஷினில் துணி செங்குத்தாகத் தொங்கும், வளைந்த ஊசி பக்கவாட்டில் குத்தும். நீளமான தையலுக்கு அடிக்கடி நிறுத்தித் துணியை மாற்றி மாட்ட வேண்டும்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ஐசக் மெரிட் சிங்கர். பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில் பழுதுக்கு வந்த வேறொருவர் மிஷினைப் பார்த்துவிட்டு, ஊசியை மேலிருந்து நேராக இறங்க வைத்தார். துணியைப் படுக்கையாக மேசைமேல் கிடத்தினார். துணி மேலே கிளம்பாமல் இருக்க அழுத்துபாதம் வைத்தார். 1851 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. மிஷின் வந்த மரப்பெட்டியையே மேசையாக்கி, அதில் மிதியைப் பொருத்தி ஓட்டும் ஏற்பாடும் அப்போதே வந்துவிட்டது. கையால் சக்கரம் சுற்றினால் துணியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். மிதியால் ஓட்டினால் இரண்டு கையும் துணிக்குக் கிடைக்கும். கனத் துணி தைத்தவர்களுக்கு இந்த இரண்டாவது கையின் அருமை தெரியும்.

சிங்கரின் முதல் மிஷின்கள் பட்டறைகளுக்கானவை. வீட்டுக்கென்று சிறிய மிஷின்கள் 1850களின் பிற்பகுதியில்தான் வந்தன. விலை அதிகம் என்பதால், அவருடைய கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856 இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். நம் ஊரில் தவணைக்குச் சைக்கிளும் ரேடியோவும் வாங்கினோமே, அந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியதில் தையல் மிஷினுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் நாட்டில் கிடைக்கும் பழைய சிங்கர் மிஷின்களில் பல ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஊரிலிருந்து வந்தவை. அங்கே கில்போவி என்ற இடத்தில் 1882 இல் கட்டத் தொடங்கிய தொழிற்சாலை 1885 இல் திறக்கப்பட்டது. 1913 இல் மட்டும் அங்கிருந்து சுமார் 13 லட்சம் மிஷின்கள் வெளியே போயின. 1911 இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆள் குறைத்து வேலையைக் கூட்டியதை எதிர்த்து, மிஷின் மேசைகளுக்கு மெருகு போடும் 12 பெண்கள் முதலில் வேலையை நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட 11,000 தொழிலாளர்கள் அவர்கள் பின்னால் நின்றார்கள். நம் வீட்டு மிஷினின் மரப்பலகையில் இன்றும் மின்னும் மெருகுக்குப் பின்னால் அப்படி ஒரு கதை இருக்கிறது. அந்தத் தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டது. ஆனால் அந்த ஊர் ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் 'சிங்கர்'தான்.

மாதிரி எண்ணில் வரும் 'கே' என்ற ஆங்கில எழுத்து இந்தக் கில்போவியைக் குறிப்பது. 29கே, 31கே, 45கே என்றால் அவை அங்கே செய்தவை. இந்த எண்கள்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். அவற்றுக்கு வருமுன் நம் நாட்டுப் பக்கம் ஒரு பார்வை.

எந்திரங்களை எதிர்த்தவர் என்று பேர் வாங்கிய காந்தியடிகள்கூடச் சிங்கர் மிஷினுக்கு விலக்கு அளித்தார். 1924 இல் ஜி. ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர், நீங்கள் எல்லா எந்திரங்களுக்கும் எதிரியா என்று அவரிடம் கேட்டார். இல்லை என்று சொன்ன காந்தி, விலக்குக்கு எடுத்துக்காட்டாகச் சிங்கர் தையல் மிஷினைச் சொன்னார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தது அது என்றார். இந்த உரையாடல் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. பாஸ்டன் பட்டறைக் கதையில் மனைவிக்கு இடமில்லைதான். ஆனாலும் உட்கார்ந்த இடத்தில், தன் காலாலேயே ஒருவர் ஓட்டிப் பிழைக்கக்கூடிய எந்திரம் என்பதைக் காந்தி சரியாகவே கண்டுகொண்டார். கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் தம் மனைவி டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

1930களில் கல்கத்தாவில் 'உஷா' பிறந்தது. பின்னர் பஞ்சாபின் லூதியானா, மிஷினுக்கும் உதிரி பாகத்துக்கும் பெரிய சந்தையாக வளர்ந்தது. நம் வீடுகளில் இருந்த உஷா போன்ற மிஷின்கள் பெரும்பாலும் சிங்கரின் 15 ஆம் எண் வகையை அடியொற்றியவை. உலகில் மிக அதிகமாக நகல் எடுக்கப்பட்ட மிஷின்களில் அதுவும் ஒன்று.

நம் ஊரில் கனத் துணிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருந்தது. பெரம்பூர் பின்னி ஆலையின் காக்கி டிரில் போலீஸ் உடையாகவும் டிரைவர் உடையாகவும் ஊரெங்கும் நடமாடியது. பஸ் சீட்டுக்கு ரெக்சின், கல்யாணப் பந்தலுக்குக் கித்தான், லாரிக்குத் தார்ப்பாய். பிளாஸ்டிக் விரிப்பு வருமுன் தார்ப்பாய் என்பது மெழுகோ எண்ணெயோ ஏற்றிய பருத்திக் கான்வாஸ்தான். வெயிலில் விறைத்தால் பலகை மாதிரி நிற்கும். ஓரம் மடித்து அடிக்கும்போது ஊசிக்குக் கீழே நான்கு மடிப்பு வரும்.

இந்தத் தார்ப்பாய் வழியாகத்தான் மிஷின் எண்களின் பொருள் எனக்குப் புரிந்தது. 1980களில் சங்ககிரிப் பக்கத்து வங்கிக் கிளை ஒன்றில் நான் கடன் பிரிவைப் பார்த்து வந்தேன். லாரிகள் நிறைந்த ஊர். கூர்மையான பெரிய ஊசியும் சணல் நூலும் கொண்டு கையாலேயே தார்ப்பாய் தைத்துவந்த ஒரு தம்பதிக்கு மிஷின் வாங்கக் கடன் ஒப்புதலானது. எந்த மிஷின் என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பட்டியலில் இருந்தது வீட்டு மாதிரி ஒன்றுதான். அதுதான் வந்தது.

பத்து நாளில் அந்த அம்மா கிளைக்கு வந்து, ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேசைமேல் பிரித்தார். உள்ளே எல்லாம் முறிந்த ஊசிகள்.

"ஏனுங்க சார், இந்த ஊசி தார்ப்பாயில இறங்கவே மாட்டேங்குதுங்க. தவணை மட்டும் மாசாமாசம் வந்துருமுங்களே" என்றார்.

மிஷின் விற்ற கடைக்காரர், மேற்கொண்டு பணம் வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாகப் பழைய 29கே ஒன்றைக் கொடுத்தார். செருப்பே தைக்கும் மிஷினுக்குத் தார்ப்பாய் எம்மாத்திரம் என்று அவர் சொன்னாராம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதிலும் வேலை நடக்கவில்லை. தையல் கோணிக்கொண்டு போயிற்று. நீளமாக ஓர் ஓரம் அடித்து முடிப்பதற்குள் பாபின் காலியாகிவிடும். இரண்டு லாரிக்காரர்கள் தார்ப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு தவணை நின்றுபோனது.

கிளைக்கு எதிரே மிஷின் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். அவரிடம் போய்க் கேட்டேன். கையில் இருந்த பாபின் கேஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சார், 29 நல்ல மிஷின்தான். ஆனா அது செருப்புல ஒட்டுப் போடப் பொறந்தது. அது கீழ பல்லைப் பாருங்க, இருக்காது. மேல இருக்கிற பாதமே தூக்கித் தூக்கி இழுக்கும். நாலா பக்கமும் திரும்பும். பொத்தல் செருப்பைச் சுத்தித் தைக்க அது வேணும். இருபதடி நேர்த் தையலுக்கு அது ஆகுமா? இவங்களுக்கு வேண்டியது கோட்டு தைக்கிற மிஷின்."

அவர் சொன்னது 31கே. தொழிலை விட்ட ஒரு தையற்கடைக்காரரிடம் அது இருந்தது. 29கே பஸ் நிலையத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவருக்குக் கைமாறியது. அவருக்கு அது வரப்பிரசாதம். 31கேயின் இடது பக்கம் ஒரு பலகையை நீட்டிப் பொருத்தி, கணவர் தார்ப்பாயைத் தாங்கிப் பிடிக்க, அந்த அம்மா மிதித்துத் தைத்தார். நின்ற தவணைகளும் சேர்ந்து கடன் முழுவதும் அடைந்தது. அதே கடன், அதே உழைப்பு. மாறியது மிஷினின் எண் மட்டும்தான்.

பாயிடம் அன்று தொடங்கி, பிறகு நான் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

15 வகை: வீட்டு மிஷின். உஷா போன்ற நம் நாட்டு மிஷின்களும் இந்த வழிதான். சட்டை, ரவிக்கை, திரைச்சீலை, ஒற்றை மடிப்பு மெல்லிய கான்வாஸ் வரை தாங்கும். தினமும் நான்கு மடிப்புக் கான்வாஸ் அடித்தால் ஊசிக்கும் ஷட்டிலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கு கெட்டு, தையல் விடத் தொடங்கும்.

31கே: தையற்கடை மிஷின். கோட்டு, கம்பளித் துணி, காக்கி, ஜீன்ஸ், கான்வாஸ் பை எல்லாவற்றுக்கும் ஏற்றது. ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் இடையே இடம் அதிகம் என்பதால் பெரிய துணியைச் சுருட்டி உள்ளே விடலாம். கீழே பல் துணியை நேராக நகர்த்தும். நம் நாட்டுத் தயாரிப்பில் கடைக்காரர்கள் 'அம்ப்ரெல்லா' மாடல் என்று சொல்வதும் ரெக்சின், கான்வாஸ் வேலைக்குப் புழங்குவதுதான்.

29கே: செருப்பு, பை, சேணம் பழுது பார்க்க. குறுகிய நீண்ட கை, எப்பக்கமும் திரும்பும் பாதம். பழைய மாதிரிகளில் பாபின் மிகச் சிறியது. தைத்து முடித்த பொருளுக்குள் கையை நுழைத்து ஒட்டுப் போட இதைப்போல் வேறில்லை. புதிதாக நீளத் தையல் போட இது வேண்டாம்.

45கே, 7 ஆம் எண் வகை: தடித்த தோல், சேணம், கப்பல் பாய் முதலியவற்றுக்கு. இவை உண்மையான முரட்டு மிஷின்கள். நம் பக்கம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஊசிக்கும் உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டும். பை தைப்பவருக்கு இவ்வளவு தேவையில்லை.

மிஷினை நேரில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் தட்டினால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. சும்மா இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம். யாரோ தேங்காய் எண்ணெய் விட்டு அது பிசினாகி இருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, துடைத்து, மிஷின் ஆயில் போட்டால் பெரும்பாலும் இளகிவிடும். துரு மேலோட்டமானால் பாதகமில்லை. வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் வேண்டாம். ஒட்டு வைத்தது நிலைக்காது.

அடுத்தது ஊசித் தண்டு. அதை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கனத் துணியில் ஊசி விலகித் தகட்டில் மோதி முறியும். பிறகு அழுத்துபாதத்தைத் தூக்கி, நீங்கள் தைக்கப்போகும் துணியையே நான்கு மடிப்பாக மடித்து உள்ளே நுழையுங்கள். நுழையவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சோதனைக்குக் கடைக்காரர் தரும் துண்டுத் துணியை நம்பாமல் உங்கள் துணியைக் கொண்டுபோவது நல்லது.

ஊசி விஷயம் பலரைக் குழப்பும். ஊசியில் எண் ஏற ஏறத் தடிமன் கூடும்: 16 என்றால் 1 மில்லிமீட்டர், 18 என்றால் 1.1, 21 என்றால் 1.3. பருத்தி நூலில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். கான்வாஸுக்கு 18 முதல் 21 வரை வேண்டியிருக்கும். வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். 31கே ஊசியின் தண்டு முழு உருண்டை. 29கேவுக்கு வேறு ஊசி. ஒன்றை மற்றொன்றில் மாட்டினால் தையல் விழாது. மிஷினைப் பேசி முடிக்கும் முன்பே, அதற்கான ஊசியும் பாபினும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்டாண்டையும் மறக்க வேண்டாம். கீழ்ச் சக்கரம் மேல் சக்கரத்தின் பெல்ட் பள்ளத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பெரியது. ஒரு மிதிக்கு நான்கு தையல் என்று கணக்கு. கீழ்ச் சக்கரம் கனமாக இருந்தால் அதன் ஓட்டமே ஊசியைத் தடித்த மடிப்பு வழியாக இழுத்துச் சென்றுவிடும். தட்டை இரும்புப் பட்டையில் செய்த லேசான ஸ்டாண்டு கனத் துணிக்கு ஆடும். பழைய வார்ப்பிரும்பு ஸ்டாண்டு கிடைத்தால் விடாதீர்கள். தலை ஓரிடமும் ஸ்டாண்டு ஓரிடமுமாக வாங்கினாலும், இரண்டின் திருகுத் துளைகளும் பலகை வெட்டும் பொருந்துகின்றனவா என்று அளந்து பாருங்கள்.

மோட்டார் இருக்கும்போது மிதி எதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள். நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் தைப்பவருக்கு மோட்டார்தான் சரி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அப்படியே. ஆனால் தடித்த மூலையில் ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிதானமாக இறக்குவதற்குக் காலைப்போல் பேச்சுக் கேட்கும் மோட்டார் எளிதில் அமையாது. 2012 ஐ ஒட்டி நாம் பட்ட பல மணி நேர மின்வெட்டில், மிதி மிஷின் வைத்திருந்த தையற்காரர்களின் வேலை நிற்கவில்லை என்பதையும் பார்த்தோம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. துணிப்பைக்குத் தேவை மறுபடி வந்திருக்கிறது. என்னிடம் கேட்ட குடும்பத்தாருக்கு நான் சொன்னது இதுதான்: 31 வகைத் தலை, வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, 18 ஆம் எண் ஊசி, உங்கள் சொந்தக் கான்வாஸ் ஒரு முழம். இவற்றோடு போய்ப் பாருங்கள்.

பரணில் மிஷின் வைத்திருப்பவர்கள், எடைக்குப் போடும் முன் அதை ஒருமுறை கீழே இறக்கிப் பாருங்கள். மாதிரி எண் சில மிஷின்களில் முன்பக்கத்துச் சிறு பித்தளைத் தகட்டில் இருக்கும். பலகைமேல் உட்காரும் அடித்தட்டில் தொடர் எண் பொறித்திருக்கும். அது எஃப் அல்லது ஒய் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் மிஷின் கிளைடுபேங்கிலிருந்து வந்தது. 15 என்றால் தையல் பழகும் பெண்ணுக்கு உதவும். 29 என்றால் செருப்புத் தைப்பவரிடம் சொல்லுங்கள். 31 என்றால் பை தைக்கத் தொடங்குபவர் யாராவது உங்கள் தெருவிலேயே இருக்கலாம். இரும்புக்காரர் கொடுக்கும் விலையை அவர்களும் கொடுப்பார்கள். மிஷினும் இன்னொரு தலைமுறை ஓடும்.